முனியாண்டியை ஏன் அனுப்பினார்கள்

அன்பு மகள் தர்ஷினிக்கு,

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில் குவார்ட்டர்ஸ் தொடங்கி கிள்ளான் பாலம் வரைக்கும் மைக் பிடித்தவர்களிலே நிகரில்லாதவனும், ஐந்நூறு கல்யாண விருந்துகளில் பிரியாணி ஆறிப்போகும்வரை பேசிப் புகழ்பெற்றவனும், இந்த ஆடி மாதத்தில் சொந்த வீட்டிலேயே வாய்ப்பூட்டு போடப்பட்டவனுமாகிய உன் அப்பா எழுதுகிறேன். ஒன்பது நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. குரல் பதிவு அனுப்பலாம் என்றால், என் குரல் பதிவுகளுக்கு உன் அம்மா தடையுத்தரவு போட்டிருக்கிறாள். கல்யாண வாட்சப் குழுவை அட்மின்கள் மட்டுமே பேசலாம் என்று மாற்றிவிட்டாள். அட்மின் அவள் ஒருத்திதான். ஆகவே தாளில் எழுதுகிறேன். இதைப் படம் பிடித்து அதே குழுவில் போட அவளிடமே சொல்லியிருக்கிறேன். நான் சொன்னதை எண்பது பேர் கேட்டார்கள். அதற்கு நான் சொல்லும் சமாதானத்தை நீ ஒருத்தி மட்டும் ரகசியமாகப் படித்தால் அது என்ன நியாயம்? எல்லாரும் படிக்கட்டும். மாப்பிள்ளை வீட்டாரும் படிக்கட்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை நீ வந்து இறங்குகிறாய். ஆவணியில் கல்யாணம். விமான நிலையத்திலிருந்து வீடு வரைக்கும் ஒரு மணி நேரம், காரில் நீயும் நானும் அம்மாவும். அந்த ஒரு மணி நேரமும் நீ ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்துவிடுவாயோ என்பதுதான் என் பயம். மற்றபடி உன் அம்மாவைத் தவிர இந்த உலகத்தில் நான் எதற்கும் பயந்தவன் இல்லை என்பது உனக்கே தெரியும்.

எல்லாம் அந்த பேஸ்பாலால் வந்தது. போன தீபாவளிக்கு மாப்பிள்ளை அருண் நம் வீட்டுக்கு வந்தபோது, ஹாலில் முறுக்குத் தட்டைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தான். அவன் வீட்டார் கிள்ளானில் மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்கள், யாழ்ப்பாணத்து அளவான பேச்சு. நானோ பேச்சை அளந்து பழக்கமில்லாதவன். நீ சமையலறையில் என் காதில் சொன்னாய்: "அப்பா, அவருக்கு ரெண்டே சப்ஜெக்ட்தான். ஒண்ணு ஆஃபீஸ் வேலை, இன்னொண்ணு பேஸ்பால். ரெண்டுல ஒண்ண புடிச்சுக்குங்க." அவன் வேலை எனக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் புரியாது. அதனால் பேஸ்பாலைப் பிடித்தேன். பங்குனி முதல் தினமும் காலை ஏழு மணிக்கு, கீழே பாய் கடையில், சீனி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, ஒரு தே தாரிக் டீயும் ரெண்டு ரொட்டி சானாய் பரோட்டாவுமாக, அமெரிக்காவில் உன் ஊர் டீமின் ஆட்டத்தைப் பார்க்கிறேன். அங்கே அது நேற்று சாயங்காலம், இங்கே இன்று காலை. முதல் குழப்பமே அதுதான். நடந்து முடியாத நேற்றை நான் இன்றைக்கு உட்கார்ந்து பார்க்கிறேன்.

அடுத்த குழப்பம் ஆட்டம். ஒருவன் எறிகிறான், ஒருவன் மட்டையைச் சுழற்றுகிறான், அடித்தவன் உயிரைக் கொடுத்து ஒரு சுற்று ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறான். அதற்கு ஒரு ரன் கொடுத்து கைதட்டுகிறார்கள். "இதுக்கு அங்கயே நின்னிருக்கலாமே அங்கிள்" என்றார் கடைக்கார பாய். அருண்தான் பொறுமையாக எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தான். அவன் அங்கே மைதானத்தில் இருந்தாலும் சரி, வீட்டில் இருந்தாலும் சரி, ஒவ்வொரு பந்துக்கும் எங்களுக்குள் வாட்சப் பறக்கும். அந்த நாலு மாதத்தில் நான் அவனோடு பேசியதைப் போல என் சொந்தத் தம்பியோடு நாற்பது வருடத்தில் பேசியதில்லை. இதை நீ குறித்துக்கொள். இது வழக்கமான என் பெரிய பேச்சு இல்லை.

அந்த டீமில் எனக்கு ஒரே ஒரு ஆளைத்தான் பிடித்தது. அடிக்கிறவனுக்குப் பின்னால் முகமூடியும் மார்க்கவசமும் போட்டுக் குந்தி உட்கார்ந்து, வருகிற பந்தையெல்லாம் வாங்குகிற அந்தக் கேட்சர். அவனுடைய உண்மையான பெயர் என் வாயில் நுழையவில்லை. எல்லையில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு காவல் உட்கார்ந்திருப்பதால் முனியாண்டி என்று பெயர் வைத்தேன். பன்னிரண்டு வருடமாக அதே டீம், அதே இடம், அதே குந்தல். அவன் எழுந்திருக்கும்போது அவன் முட்டி முறிகிற சத்தம் பிரிக்ஃபீல்ட்ஸில் எனக்குக் கேட்கும். பாய்கூட, "முனியாண்டி வந்தாச்சா அங்கிள்?" என்று கேட்டுவிட்டுத்தான் மாவை வீசுவார்.

சித்திரையில் நம் ஆட்கள் புலியாக இருந்தார்கள். ஆனியில் பூனை. ஆடி பிறந்தபோது பூனையும் ஓடிவிட்டது. அந்த மூன்று வாரத்துத் தோல்விகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் இரட்டைக் கோபுரம் அதன் பக்கத்தில் தபால் பெட்டி மாதிரி தெரியும். நன்றாக எறிந்துகொண்டிருந்தவனை மேனேஜர் பாதியில் வெளியே கூப்பிடுவார். உள்ளே வந்தவன் முதல் பந்திலேயே அடி வாங்குவான். "ஏன்பா அவன எடுத்தாங்க?" என்று கேட்டால் அருண், "கணக்கு அப்படிச் சொல்லுது அங்கிள்" என்பான். எந்தக் கணக்கு, யார் போட்டது, எனக்குத் தெரியாது. நாலாவதாக அடித்தவனை முதலில் இறக்கினார்கள், முதலில் அடித்தவனை ஊருக்கு அனுப்பினார்கள். கல்யாணத்தில் சாம்பார் தீர்ந்துபோனால் பந்தி பரிமாறுகிறவர்களை இடம் மாற்றி நிற்க வைப்பார்களே, அதுபோல. சாம்பார் வரவேயில்லை.

பிறகுதான் அந்தச் செய்தி. முனியாண்டியை வேறொரு டீமுக்குக் கொடுத்துவிட்டார்கள். பதிலுக்கு வாங்கியது, மீசை முளைக்காத ரெண்டு பையன்கள். அந்தப் பையன்களும் இப்போது விளையாடமாட்டார்களாம், ரெண்டு வருடம் கழித்துத்தான் பழுப்பார்களாம். ஆடி மாதத்தில் நம் ஆட்கள் ஒரு பாத்திரம்கூட வாங்கமாட்டார்கள். இவர்கள் ஆளையே மாற்றுகிறார்கள். அன்று நான் ரொட்டியைத் தொடவில்லை. சாயங்காலம் அருண் கூப்பிட்டான். ஆறுதல் சொல்லத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன்.

"அங்கிள், அது சரியான முடிவுதான்" என்றான்.

"என்னப்பா சொல்ற?"

"முட்டி போயிருச்சு அங்கிள் அவருக்கு. உக்காந்து எழுந்து அவர் பந்த எறியறதுக்குள்ள எதிராளி அடுத்த பேஸுக்கு ஓடிப்போயிடறான். ரெண்டு வருசமா எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லல."

நான் பதில் பேசவில்லை. என் வாழ்நாளில் நான் பதில் பேசாத நாலைந்து நிமிடங்களில் அது ஒன்று. அவன் அதைச் சம்மதம் என்று நினைத்துவிட்டான் போல. பாவம், புதிதாக வருகிற பையன். என் மௌனத்தைப் படிக்க அவனுக்குப் பழக்கமில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அங்கிள், இன்னொரு விசயம்" என்றான். "ஷா ஆலம் ஹால்ல நடக்கிற டின்னருக்கு மைக் பிடிக்கிற எம்.சி. நீங்க வேணாம் அங்கிள். நீங்க அப்பாவா வந்து உக்காருங்க. தர்ஷினிக்கு உங்ககிட்ட சொல்ல கஷ்டமா இருக்கு, அதான் நான் சொல்றேன்."

"சரி லா, பாப்போம்" என்று சொல்லி போனை வைத்தேன். நான் கேட்டது ரெண்டு செய்தி. என் மண்டையில் ஏறியது ஒரே செய்தி: பன்னிரண்டு வருடம் காவல் காத்தவனை அனுப்புவது சரி என்கிறவன், முப்பது வருடம் மைக் பிடித்தவனையும் அனுப்புகிறான். உடனே சேகரன் மாமாவுக்கு ஒரு குரல் பதிவு போட்டேன். வருத்தம் வந்தால் நான் யாரிடம் போவேன், அவனிடம்தானே. நீ அதைக் கேட்டுவிட்டாய். இருந்தாலும் என்ன சொன்னேன் என்பதை நானே என் கையால் எழுதுகிறேன், அதுதான் எனக்குத் தண்டனை. "டேய், ஒரு மனுசன் பன்னெண்டு வருசம் குந்தி உக்காந்து ஒரு ஊரையே காவல் காத்தான். முட்டி வலின்னதும் தூக்கிப் போடறது சரின்னு சொல்றான்டா இந்தப் பையன். இவனுக்கு எப்படிடா என் பொண்ணக் குடுக்கிறது? நாளைக்கு அவளுக்கு முட்டி வலிச்சா ரெண்டு சின்னப் பொண்ணா மாத்திக்கிட்டு வந்துருவான் லா."

சேகரனுக்குப் போகவில்லை. கல்யாணக் குழுவுக்குப் போனது. கண்ணாடி போடாமல் அழுத்தினேன். அழிப்பதற்குள் காஜாங் அத்தை முதல் மாப்பிள்ளையின் பெரியம்மா வரைக்கும் கேட்டுவிட்டார்கள். நம் பக்கத்து ஆட்கள் சிரிக்கிற முகம் போட்டார்கள். அருணின் அப்பா ஒரு கட்டைவிரலைப் போட்டார். ஒரே ஒரு கட்டைவிரல், வேறு வார்த்தை இல்லை. அந்த விரலுக்கு என்ன அர்த்தம் என்று நான் ஒன்பது நாளாக யோசிக்கிறேன். கேட்டேன் என்று அர்த்தமா, சரி என்று அர்த்தமா, பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தமா? சம்பந்தி இதைப் படித்தால் தயவுசெய்து தெரியப்படுத்த வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் நியாயம் கேட்கச் சேகரன் வீட்டுக்குப் போனேன். அவனைப் பற்றி அருணுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். சேகரனும் நானும் ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன்கள். ஞாயிற்றுக்கிழமை லீக்கில் எங்கள் ஃபுட்பால் கிளப்புக்கு நான் கேப்டன், அவன் கோல்கீப்பர். ஒரு வருடம் சீசன் பாதியில் அவன் கையில் பந்து நிற்கவில்லை. தோட்டத்துப் பாட்டி எறிந்தாலும் உள்ளே போனது. கிளப்பில் மற்றவர்கள், "கேப்டன், அவர மாத்துங்க" என்று கெஞ்சினார்கள். நான் பெரிய வசனம் பேசினேன். என் நண்பனை நான் உட்கார வைக்கமாட்டேன், தோற்றாலும் அவனோடு தோற்பேன் என்றேன். அவனுக்கு எதையும் தெரியவிடவில்லை. அவன் தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றியதைப் பார்த்து, அதையே கிளப் ஆண்டு விழாவில் நடித்துக் காட்டினேன். ஹால் குலுங்கியது. அவனும் சிரித்தான். அந்த சீசன் கடைசி ஆட்டத்தில் நேராக வந்த பந்தை அவன் பார்க்கவேயில்லை, முகத்தில் வாங்கினான். ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது, சர்க்கரை கண்ணுக்குப் போய் வெகுநாள் ஆகியிருந்தது. வலது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

அந்தச் சேகரனிடம்தான் குரல் பதிவைப் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டான். அவன் வீட்டுக்காரி பிஸாங் கோரேங், அந்த வாழைப்பழ பஜ்ஜியைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு துண்டை எடுத்து ஊதிக்கொண்டே சொன்னான்:

"நீ அந்த வருசம் என்னைய வெளிய உக்கார வச்சிருந்தா உன்கூட சண்ட போட்டிருப்பேன்டா."

"அதான் வைக்கல."

"சண்ட போட்டிருந்தா, 'உனக்குக் கண்ணு தெரியலடா'ன்னு நீ கத்தியிருப்ப. நான் டாக்டர்கிட்ட போயிருப்பேன்."

முப்பது வருடமாக இதை மனதில் வைத்திருந்தானா, அந்த நிமிடம்தான் தோன்றியதா என்று கேட்டேன். "தெரியல லா, சூடா இருக்கு, சாப்பிடு" என்றான். கோபமே இல்லை அவன் குரலில். கோபப்பட்டிருந்தால் நான் ஒரு பதிலாவது சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது உன் இருபத்தொன்றாவது பிறந்தநாள் ஞாபகம் வந்தது. ஹாலில் நூறு பேர். மைக் என் கையில். நீ பள்ளிக்கூடத்தில் படிவம் நான்கு படித்தபோது நடந்த ஒரு விஷயத்தைக் குரல் மாற்றிக் குரல் மாற்றி நான் நடித்துக் காட்டினேன். அது என்ன கதை என்று இங்கே எழுதப்போவதில்லை. ஒரு கதையைப் பாதியில் நிறுத்துவது என் ஆயுளில் இதுதான் முதல் தடவை, கை நமநமவென்கிறது. எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். பிறகு கேக் வெட்ட உன்னைத் தேடினோம். நீ கைகழுவும் அறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தாய். வெகுநேரம் கழுவினாய். மேக்கப் கலைந்துவிட்டது போல என்று நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "விடுங்க" என்றாள். விட்டுவிட்டேன். எட்டு வருடமாக விட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். நீயும் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. என் முட்டி முறிகிற சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்கவில்லை. சொன்னவன் அந்தப் பையன் ஒருவன்தான், அவனைத்தான் நான் எண்பது பேர் முன்னால் அடித்தேன்.

இப்படி எழுதியதால் எனக்கு ஞானம் பிறந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. குழப்பம் இன்னும் கூடித்தான் போயிருக்கிறது. முனியாண்டியை அனுப்பிய பிறகாவது டீம் ஜெயித்ததா என்றால், நாலில் ஜெயித்து நாலில் தோற்றார்கள். அப்படியென்றால் அனுப்பியது சரியா தப்பா? புதுக் கேட்சர் பந்தை நன்றாகத்தான் எறிகிறான். ஆனால் எறிகிறவனுக்குக் கோபம் வந்தால் எழுந்து போய் அவன் தோளில் கை போட முனியாண்டி மாதிரி ஆள் இல்லை. அது எந்தக் கணக்கில் வரும்? வைத்துக்கொண்டால் சேகரன் கண் போகிறது. அனுப்பினால் நெஞ்சு போகிறது. கல்யாணம் ஆகப்போகிற பெண்ணுக்கு அப்பன்காரன் எழுதினால் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் ஒன்றரைதான் இருக்கிறது. உன் வீட்டில் யாருக்காவது கண் தெரியவில்லை என்று நீ பார்த்தால், அவரிடமே சொல். மற்ற அரை, சொல்லிவிட்டு என்ன செய்வது என்பது. அது எனக்கு இன்று காலைதான் பாதி தெரிந்தது.

இன்று காலை முனியாண்டி உன் ஊருக்கே வந்தான், எதிராளியின் சட்டையில். பாய் மாவை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். முனியாண்டி மட்டையை எடுத்துக்கொண்டு முதல் தடவை நடந்து வந்தபோது, உன் ஊர் மைதானம் மொத்தமும் எழுந்து நின்றது. எறிகிறவன் எறியவில்லை. ஆட்டம் அப்படியே நின்றது. முனியாண்டி தொப்பியைக் கழற்றி நாலு பக்கமும் காட்டினான். பாய், "அனுப்பிட்டு எதுக்கு அங்கிள் எழுந்து நிக்கிறாங்க?" என்றார். எனக்கு எதிரே இருந்த ரொட்டி சரியாகத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் அருண் ஒரு வீடியோ அனுப்பினான். ஒன்பது நாளில் அவனிடமிருந்து வந்த முதல் செய்தி, ஒரு வார்த்தைகூட எழுதாமல். தூரத்தில் முனியாண்டி தொப்பியைக் காட்ட, கூட்டத்தில் அருண் நின்றுகொண்டு கைதட்டுகிறான், கண்ணீர் தாடி வரைக்கும் வடிகிறது. படம் பிடித்தது நீ. உன் குரல் கேட்டது: "அருண், நீங்கதானே போகட்டும்னு சொன்னீங்க, இப்ப ஏன் அழுவுறீங்க?" அவன் கைதட்டுவதை நிறுத்தாமல் திரும்பிப் பார்த்து, "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்கிறான். நீ சிரிக்கிறாய். அதோடு முடிகிறது. பதினேழு தடவை பார்த்தேன். முதல் ரெண்டு தடவை முனியாண்டிக்காக. மூன்றாவது தடவை அருணுக்காக. மற்றதெல்லாம் அந்தக் கடைசியில் வருகிற உன் சிரிப்புக்காக. ஒன்பது நாளாயிற்று, மகளே.

அருணுக்கு: தம்பி, நான் சொன்னது தப்பு. இதை உன் அப்பா, அம்மா, பெரியம்மா எல்லாரும் பார்க்கச் சொல்கிறேன். முனியாண்டி விஷயத்தில் உன்னோடு எனக்கு இன்னும் ரெண்டு வருட வழக்கு பாக்கி இருக்கிறது, அதைக் காலை ஏழு மணிக்குத் தொடர்ந்து பேசுவோம். ஆனால் என் பெண்ணை உனக்குக் கொடுப்பதில் எனக்கு இருந்த ஒரே குழப்பம் அந்த வீடியோவில் தீர்ந்தது.

தர்ஷினி, டின்னருக்கு எம்.சி. நான் இல்லை. நல்லவளாக ஒரு பெண்ணை நீயே பார்த்து வை, நேரத்துக்குச் சோறு போடுகிறவளாக. நான் முன்வரிசையில் அம்மா பக்கத்தில் அப்பாவாக உட்கார்ந்திருப்பேன், அதற்கு ஒத்திகை இப்போதே தொடங்கிவிட்டேன், முதுகு வலிக்கிறது. நீ சரி என்றால், என்னை ஒரு தடவை மேடைக்குக் கூப்பிடு. ரெண்டு நிமிடம். கதை கிடையாது, குரல் மாற்றுவது கிடையாது, வாழ்த்து மட்டும். வேண்டாம் என்றால் அதையும் காரிலேயே என் முகத்துக்கு நேராகச் சொல். கூப்பிடுவதாக இருந்தால், நேரம் பார்ப்பதற்கு மேடைக்குக் கீழே சேகரன் மாமாவைக் கடிகாரத்தோடு உட்கார வைக்கிறேன். ரெண்டு நிமிடம் முடிந்ததும் அவன் கையைத் தூக்குவான், நான் இறங்கிவிடுவேன். கேட்டதற்குச் சரி என்றுவிட்டான். கடிகாரம் பார்க்க ஒரு கண் போதுமாம்.

அப்பா